ஏர் ஓட்டிய நீளம்: ஆங்கிலத்தின் தூரச் சொற்களும் சாலைச் சொற்களும்

வழி கேட்பவர்களுக்கு என் தாத்தா எப்போதும் பர்லாங்கில்தான் பதில் சொல்வார். "நேராக இரண்டு பர்லாங்கு நடங்கள். ஆலமரத்தை ஒட்டித் தபால் ஆபீஸ் வரும்" என்பார். கிலோமீட்டர் வந்து வெகுகாலம் ஆகியும் அவர் வாயில் அது ஏறவில்லை. பர்லாங்கு தமிழ்ச் சொல் என்றே சிறுவயதில் நான் நினைத்திருந்தேன். அவருடைய பழைய வாய்பாட்டுப் புத்தகத்தில் '220 கஜம் ஒரு பர்லாங்கு, 8 பர்லாங்கு ஒரு மைல்' என்று அச்சிட்டிருந்தது. ஏன் 220, ஏன் 8 என்று கேட்டதற்கு, "வெள்ளைக்காரன் அப்படித்தான் வைத்தான்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

இப்போது மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கடை வைத்திருப்பவர்கள், செவிலியர்கள், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் ஓட்டுநர்கள் என்று பலரும் வருகிறார்கள். இடம், தூரம், சாலை பற்றிய பாடம் வரும்போது எல்லோருக்கும் அதே தடுமாற்றம். ரோடு, ஸ்ட்ரீட், லேன், அவென்யூ எல்லாமே தெருதானே, எதற்கு இத்தனை சொற்கள்? அடிக்கும் கஜத்துக்கும் மைலுக்கும் இடையே ஏன் ஒழுங்கான கணக்கே இல்லை? பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறது. ஆனால் இந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் யாரோ செய்த வேலையின் பெயர், அல்லது அந்த வேலையைச் செய்த உடம்பின் பெயர். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் சொல் நம்மை விட்டுப் போகாது. தாத்தாவின் பர்லாங்கிலிருந்தே தொடங்குகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் 'ஃபுர்' என்றால் உழவுசால், 'லாங்' என்றால் நீளம். இரண்டும் சேர்ந்து 'ஃபர்லாங்' ஆயிற்று: ஒரு சாலின் நீளம். இடைக்கால இங்கிலாந்தின் ஈரக் களிமண்ணைக் கிளறக் கனமான கலப்பை வேண்டியிருந்தது. அதை இழுக்க எட்டு எருதுகள் வரை பூட்டினார்கள். ஒரு ஜோடி மாட்டை வரப்போரத்தில் திருப்பியவர்களுக்கே அந்தச் சிரமம் தெரியும். எட்டு மாட்டைத் திருப்புவது எவ்வளவு பெரிய பாடு என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே மாடுகள் களைத்து நிற்கும்வரை நேராக ஓட்டி, அங்கே மூச்சு வாங்கவிட்டு, பிறகு திருப்பினார்கள். அந்த நீளம் பின்னாளில் 220 கஜம், அதாவது 660 அடி என்று நிலைபெற்றது. மீட்டரில் சொன்னால் 201.17.

ஏக்கரும் அதே வயலில் பிறந்ததுதான். அந்தச் சொல்லுக்கு முதலில் வயல் என்று மட்டுமே பொருள். பிறகு ஓர் ஏர் ஒரு நாளில் உழுது முடிக்கும் நிலத்தைக் குறிக்க வந்தது. நீளம் ஒரு ஃபர்லாங், அகலம் 22 கஜம். மாட்டை அடிக்கடி திருப்பாமல் இருக்கவே நிலம் இப்படி நீண்ட பட்டையாக இருந்தது. 660 அடியை 66 அடியால் பெருக்கினால் 43,560 சதுர அடி. பத்திரத்தில் ஏக்கரைச் சதுர அடியாக மாற்றும்போது வந்து விழும் அந்த விசித்திரமான எண் இதுதான். அதில் நூற்றில் ஒரு பங்கு நம் சென்ட், 435.6 சதுர அடி. நூறு என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்த 'சென்ட்' கிரிக்கெட்டின் 'செஞ்சுரி'யிலும் இருக்கிறது.

கிரிக்கெட் என்று சொன்னதும் நினைவுக்கு வருவது அந்த 22 கஜம். 1620-இல் எட்மண்ட் கன்ட்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் நிலம் அளக்க ஒரு சங்கிலியை வகுத்தார். நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். ஆங்கிலத்தில் அந்த நீளத்தின் பெயரே 'செயின்' ஆகிவிட்டது. பத்து செயின் ஒரு ஃபர்லாங், எண்பது செயின் ஒரு மைல், பத்துச் சதுர செயின் ஒரு ஏக்கர். உழவர்களின் பழைய அளவைக் குலைக்காமல், உள்ளே பத்தும் நூறுமாகக் கணக்குப் போட வழி செய்த அந்த மனிதரின் அறிவை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். கிரிக்கெட்டில் ஒரு முனை ஸ்டம்புக்கும் மறுமுனை ஸ்டம்புக்கும் இடையே உள்ள தூரம் சரியாக ஒரு செயின். 1744-இல் எழுதப்பட்ட விதிகளிலேயே இந்த அளவு இருக்கிறது. சேப்பாக்கத்து ஆடுகளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அதே நீளத்தில் பத்து ஆடுகளங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குங்கள். அது ஒரு ஃபர்லாங். அந்தக் கோட்டுக்குப் பக்கவாட்டில் ஓர் ஆடுகள நீளத்துக்கு அகலம் கொடுங்கள். அது ஒரு ஏக்கர். வகுப்பில் இதைச் சொன்ன பிறகு ஏக்கரை யாரும் மறந்ததில்லை.

செயின் இன்னும் சாகவில்லை. பிரிட்டனின் ரயில் பாதைகளில் ஒரு பாலம் எங்கே இருக்கிறது என்பதை இன்றும் மைலும் செயினுமாகக் குறிக்கிறார்கள். நம் நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் மீட்டரில் அளந்தாலும் சாலையில் ஓர் இடத்தின் தொலைவைச் 'செயினேஜ்' என்றுதான் சொல்கிறார்கள். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் இந்தியாவின் பெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கியதே பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்தைச் சங்கிலியால் அளந்துதான். அவருடையது கன்ட்டரின் சங்கிலி அன்று. நூறு அடி எஃகுச் சங்கிலி.

இங்கே ஓர் எச்சரிக்கை. சென்னையில் மனை வாங்குபவர்கள் சொல்லும் 'கிரவுண்ட்', 2,400 சதுர அடி, ஆங்கிலச் சொல்போல் இருந்தாலும் அந்த அளவு இந்த வட்டாரத்துக்கே உரியது. 24 கிரவுண்ட் சேர்ந்தால் ஒரு காணி. லண்டன்காரரிடம் 'ஐ ஹேவ் டூ கிரவுண்ட்ஸ்' என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. மனைக்கு 'பிளாட்' என்று சொல்லி, அளவைச் சதுர அடியிலோ ஏக்கரிலோ சொல்லுங்கள்.

பர்லாங்கு உழவனுடையது என்றால், மைல் சிப்பாயினுடையது. ரோமானியப் படை நடந்த தூரத்தை எண்ணியது. லத்தீனில் 'மிலே பாசுஸ்' என்றால் ஆயிரம் எட்டு. இடது கால் ஊன்றிய இடத்திலிருந்து மீண்டும் இடது கால் ஊன்றும் இடம் வரை ஓர் எட்டு. அதை ஐந்து ரோமானிய அடி என்று கொண்டார்கள். ஆயிரம் எட்டுக்கு 5,000 அடி, இன்றைய கணக்கில் 1,480 மீட்டர் அளவுக்கு வரும். ரோமானியர்கள் பிரிட்டனை ஆண்டதால் மைல் அங்கே தங்கிவிட்டது. ஆனால் நிலம் முழுவதும் ஃபர்லாங் கணக்கில் கிடந்தது. 5,000 அடிக்குள் 660 அடியை எத்தனை முறை வைத்தாலும் மிச்சமில்லாமல் அடங்காது. ஒன்று மைல் வளைய வேண்டும், அல்லது ஃபர்லாங் வளைய வேண்டும்.

மைல் வளைந்தது. 1593-இல், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், லண்டனைச் சுற்றி மூன்று மைலுக்குள் புதிய வீடுகள் கட்டுவதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. மூன்று மைல் என்று எழுதினால் மைல் எவ்வளவு என்றும் எழுதியாக வேண்டும் அல்லவா? எட்டு ஃபர்லாங் ஒரு மைல் என்று அந்தச் சட்டம் வகுத்தது. எட்டு முறை 660, ஆகவே 5,280 அடி. நிலத்தின் எல்லைகளும் பத்திரங்களும் ஃபர்லாங்கை நம்பி இருந்தன. அதை மாற்றினால் ஊரெல்லாம் வழக்கு. நடந்த தூரத்தை மாற்றினால் யாருக்கும் நிலம் போகாது. தாத்தாவிடம் நான் கேட்ட 'ஏன் 8' என்ற கேள்விக்கு இதுதான் விடை. அவர் இருந்தபோது எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

கிலோமீட்டரும் ஆயிரம்தான். 'மிலே' லத்தீன் ஆயிரம், 'கிலோ' கிரேக்க ஆயிரம். ஒன்று ஆயிரம் எட்டு, மற்றது ஆயிரம் மீட்டர்.

தமிழில் மைலுக்குக் 'கல்' என்று சொல்லும் வழக்கம் இருந்தது. 'நாலு கல் தொலைவு' என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். சாலையோரம் நட்ட கல்லே அளவின் பெயராகிவிட்டது. கல் நட்டுத் தூரம் சொல்வதை வெள்ளைக்காரரிடமிருந்து நாம் கற்கவில்லை. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று 'அதியமான் பெருவழி' என்று சாலையின் பெயரைச் சொல்லி, நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று தூரத்தையும் சொல்கிறது. எழுத்துக்குக் கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் குடைந்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாத வண்டிக்காரன் இருட்டிலும் விரலை வைத்துத் தடவி 29 என்று அறிந்துகொள்ளலாம். நான் அறிந்த தூரக் குறிகளிலேயே மிகுந்த பரிவோடு செதுக்கப்பட்டது இது.

தூரத்தை வாக்கியத்தில் வைக்கும்போது தமிழர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான். 'ஐந்து கிலோமீட்டர் தூரம்' என்ற நம் வழக்கை அப்படியே கொண்டுபோய் 'ஃபைவ் கிலோமீட்டர்ஸ் ஃபார்' என்கிறார்கள். எண் வந்துவிட்டால் அதன் பின்னால் 'ஃபார்' வராது, 'அவே' வரும். 'மை ஹவுஸ் இஸ் ஃபைவ் கிலோமீட்டர்ஸ் அவே.' கேள்வியில் 'ஃபார்' தாராளமாக வரும்: 'ஹவ் ஃபார் இஸ் இட்?' எண் சொல்லாமல் வெகு தூரம் என்று சொல்ல 'எ லாங் வே' இயல்பானது. 'ஹவ் லாங்' என்று கேட்டால் பொருளின் நீளமாகவும் இருக்கலாம், ஆகும் நேரமாகவும் இருக்கலாம். பஸ்ஸில் ஏறிக்கொண்டு 'ஹவ் லாங்' என்று கேட்டால் நடத்துநர் நிமிடத்தில்தான் பதில் சொல்வார்.

இன்னொன்று நமக்கு எளிது, ஆனால் ஆங்கிலம் என்றதும் பயந்து கெடுத்துக்கொள்கிறோம். நாம் 'பத்தடிச் சுவர்' என்கிறோம். 'பத்து அடிகள் சுவர்' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலமும் அப்படியே. அளவு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக நின்றால் ஒருமைதான்: 'எ டென்-ஃபுட் வால்', 'எ டூ-மைல் வாக்', 'எ டென்-மினிட் வாக்'. தனியே நின்றால் பன்மை: 'டென் ஃபீட்', 'டூ மைல்ஸ்'. உங்கள் தமிழ்க் காதை நம்புங்கள், பாதிப் பிழை தானே போய்விடும்.

எண்ணே இல்லாத தூரங்களும் உண்டு. நாம் 'கூப்பிடு தூரம்' என்றால் அவர்கள் காதுக்கு எட்டும் தூரம் என்ற பொருளில் 'வித்தின் இயர்ஷாட்' என்பார்கள். கல்லெறி தூரத்துக்கு 'எ ஸ்டோன்ஸ் த்ரோ'. சாலையின் வளைவு நெளிவுகளை விட்டு வரைபடத்தில் நேர்கோடு போட்டுச் சொல்லும் தூரத்துக்கு 'ஆஸ் தி குரோ ஃபிளைஸ்', காகம் பறக்கிறபடி. மலைப்பாதையில் இது முக்கியம். காகத்துக்கு எட்டு மைலாக இருப்பது பஸ்ஸுக்கு முப்பது மைலாக இருக்கக்கூடும்.

சிறிய அளவுகளில் பலவும் உடம்பிலிருந்தே வந்தவை, தமிழ்க் காதுக்கு அவை சொந்தக்காரர்கள். 'ஃபுட்' பாதம், நமக்கும் அடி. 'ஸ்பேன்' கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே விரித்த கை, நம் சாண். 'கியூபிட்' முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, நம் முழம்; லத்தீனில் முழங்கைக்கு 'குபிட்டும்' என்று பெயர். கோயில் வாசலில் பூக்காரம்மா மல்லிகைச் சரத்தை விரல் நுனியில் பிடித்து முழங்கை வரை இழுத்து வைக்கும்போது செய்வது அதே அளவைத்தான். 'ஃபாதம்' இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்த நீளம், ஆறு அடி. கடலின் ஆழம் சொல்லப் பயன்படுவது. நம் கடற்கரை மீனவர்கள் இதையே 'பாகம்' என்பார்கள். கயிற்றில் கட்டிய ஈயக் குண்டை இறக்கி, மேலே இழுக்கும்போது கைவிரித்துக் கைவிரித்து எண்ணுவது இரு மொழிக்காரர்களும் செய்த வேலை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் வினையாகவும் ஆனது: 'ஐ கான்ட் ஃபாதம் இட்' என்றால் எனக்கு அடி காணமுடியவில்லை, புரியவில்லை.

'இன்ச்' மட்டும் உடம்பு அன்று. பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற லத்தீன் 'உன்சியா'வில் இருந்து வந்தது. எடையில் வரும் 'அவுன்ஸ்' அதன் கூடப்பிறந்தது. கஜத்துக்கான 'யார்ட்' முதலில் ஒரு கோல். நிலம் அளந்த 'ராடு', 'போல்', 'பெர்ச்' மூன்றும் கோல்தான். மூன்றும் ஒரே அளவு, பதினாறரை அடி. நான்கு கோல் ஒரு செயின். சோழர் காலத்தில் நிலம் அளந்த பதினாறு சாண் கோலை நினைத்துக்கொண்டால் இது அந்நியமாகத் தோன்றாது. வீட்டு முற்றத்தைக் குறிக்கும் 'யார்ட்' வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல்; ஒலி மட்டும் ஒன்றாகிவிட்டது. 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சில கூடி ஒரு யார்டை 0.9144 மீட்டர் என்று உறுதி செய்தன. இன்ச் சரியாக 2.54 சென்டிமீட்டர் ஆனது அப்போதுதான்.

வெளிநாட்டில் வண்டி ஓட்டப் போகும் என் மாணவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்வேன். பிரிட்டனில் பெட்ரோல் லிட்டரில் விற்றாலும் சாலை இன்னும் மைலிலும் யார்டிலும் இருக்கிறது. வழிகாட்டிப் பலகையில் அரை என்ற பின்னத்தோடு சிறிய 'எம்' எழுத்து இருந்தால் அது அரை மைல். மீட்டர் என்று எண்ணிவிடாதீர்கள். மோட்டார்வேயில் இறங்கும் வழி நெருங்கும்போது சாய்ந்த வெள்ளைக் கோடுகள் போட்ட பலகைகள் வரும். மூன்று கோடு என்றால் 300 யார்ட், இரண்டு கோடு 200, ஒரு கோடு 100. அயர்லாந்தில் 2005 முதல் வேகம் கிலோமீட்டரில். எல்லைக்கு வடக்கே, பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தில், மறுபடியும் மைல். அந்த எல்லையைத் தாண்டும்போது வேகப் பலகையின் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது.

இனி சாலைகள். இங்கும் முதலில் வருபவர்கள் ரோமானியர்கள். அவர்கள் கல் பாவிய வழியை 'வியா ஸ்ட்ராட்டா' என்றார்கள், பரப்பிய வழி. அதில் வழி என்ற சொல் உதிர்ந்து, பரப்பிய என்பது மட்டும் 'ஸ்ட்ரீட்' ஆக நின்றது. 'ரோடு' அப்படியன்று. பழைய ஆங்கிலத்தில் அது குதிரைச் சவாரியின் பெயர். 'ரைடு' என்ற சொல்லின் உறவு. சவாரி, பயணம் என்றிருந்த சொல் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தரையில் இறங்கிப் பாதையைக் குறிக்கத் தொடங்கியது. அதே சொல்லின் ஸ்காட்லாந்து வடிவம் 'ரெய்டு'. குதிரையில் வந்து திடீரென்று தாக்கியவர்களின் சொல்லை இன்று வருமான வரிச் சோதனைக்குச் செய்தித்தாள்கள் பயன்படுத்துகின்றன.

ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இது. ஸ்ட்ரீட் ஓர் ஊருக்குள் இருப்பது, இருபுறமும் வீடும் கடையும் உள்ளது. ரோடு ஓரிடத்துக்குப் போவது. சென்னையின் பழைய பெயர்களே நல்ல பாடம். பரங்கிமலைக்குப் போனது மவுண்ட் ரோடு, இன்றைய அண்ணா சாலை. பூந்தமல்லிக்குப் போவது பூந்தமல்லி நெடுஞ்சாலை. ஆனால் ஜார்ஜ் டவுனுக்குள் தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு. அவை எங்கும் போவதில்லை, அங்கேயே இருக்கின்றன. லண்டனின் மிகப் பழைய மையமான 'சிட்டி ஆஃப் லண்டன்' பகுதியில் நெடுங்காலம் 'ரோடு' என்று முடியும் பெயரே இருக்கவில்லை. அந்தத் தெருக்களுக்குப் பெயர் வந்த காலத்தில் ரோடு என்பது பாதையின் பெயராகவே ஆகியிருக்கவில்லை. 1994-இல் எல்லையை மாற்றியபோது கோஸ்வெல் ரோட்டின் ஒரு பகுதி உள்ளே வந்து சேர்ந்தது.

கடலிலும் ரோடு உண்டு. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் நங்கூரமிட்டு நிற்கும் திறந்த நீர்ப்பரப்புக்கு 'ரோட்ஸ்' என்று பெயர். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் பழைய பயணக் குறிப்புகளில் வரும் 'மெட்ராஸ் ரோட்ஸ்' இதுதான். அதைச் சென்னையின் தெருக்கள் என்று படித்துக் குழம்பியவர்களை நான் அறிவேன். அங்கே கப்பலிலிருந்து இறங்கியவர்களை மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிக் கரை சேர்த்தன.

தமிழில் '-இல்' ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும், ஆங்கிலத்தில் போதாது. கதவு எண் வந்தால் 'அட்'. தெருப்பெயர் மட்டும் வந்தால் பிரிட்டனில் 'இன்', அமெரிக்காவில் 'ஆன்'. ஊர்ப்பெயருக்கு 'இன்'. பஸ் நிறுத்தம், முனை போன்ற புள்ளி இடங்களுக்கு 'அட்'. பயணத்தில் இருக்கிறேன் என்பதற்கு 'ஆன் தி ரோடு'. வீடுகளால் சூழப்பட்ட தெருவுக்குள் நிற்கிறோம், நீண்டு போகும் சாலையின் மேல் போகிறோம். பிரிட்டன்காரரின் 'இன்', 'ஆன்' இந்தப் படத்தில் பொருந்திவிடும்.

மற்றச் சொற்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 'லேன்' வேலிகளுக்கோ சுவர்களுக்கோ நடுவே போகும் ஒடுங்கிய வழி, நம் சந்து. அகலமான சாலையில் கோடு போட்டுப் பிரித்த தடத்துக்கும் அதே பெயர். 'ஆலி' பிரெஞ்சில் போவது என்ற வினையிலிருந்து வந்தது, திருநெல்வேலிக்காரர்களின் முடுக்கு. 'அவென்யூ' வந்து சேர்வது என்ற பிரெஞ்சுச் சொல். பெரிய மாளிகையின் வாசலுக்கு மரங்களின் நடுவே வந்து சேரும் வழியாக இருந்து, பிறகு மரம் நட்ட அகலத் தெருவானது. நியூயார்க்கில் 1811-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி அவென்யூ தெற்கு வடக்காகவும் ஸ்ட்ரீட் அதைக் குறுக்கே வெட்டியும் போகும். அங்கே வழி சொல்பவர்கள் தூரத்தையும் 'பிளாக்' கணக்கில்தான் சொல்வார்கள். தெற்கு வடக்காக நடந்தால் இருபது பிளாக் ஏறத்தாழ ஒரு மைல். 'பூல்வார்டு' கோட்டை மதில். பாரிஸில் பழைய மதிலை இடித்த இடத்தில் போட்ட அகலத் தெருக்களுக்கு மதிலின் பெயரே நின்றுவிட்டது. 'கல்-டி-சாக்' பிரெஞ்சில் பையின் அடி. நம் முட்டுச்சந்து இன்னும் நன்றாக இருக்கிறது என்பது என் கருத்து, முட்டிக்கொள்ளும் வலியே அதில் கேட்கிறது.

வட இங்கிலாந்தின் யார்க் நகரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியவில்லை. அங்கே ஸ்டோன்கேட், மிக்கிள்கேட் என்று தெருக்கள் உண்டு. கேட் என்றால் வாயில் என்று நினைத்து அங்கே போய்க் கதவைத் தேடினால் கிடைக்காது. அந்தப் பகுதியில் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியில் 'காட்டா' என்றால் தெரு. அப்படியானால் மதிலின் வாயிலுக்கு என்ன பெயர்? 'பார்'. மிக்கிள்கேட் தெருவின் முனையில் உள்ள வாயில் மிக்கிள்கேட் பார்.

சாலையின் மேற்பரப்பைப் பற்றி: ஜான் லவுடன் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு சிறு உடைகற்களை அடுக்கி இறுக்கிச் சாலை போடும் முறையைப் பரப்பினார். நம் ஒப்பந்தப் புள்ளிகளில் வரும் 'மெக்காடம்' அவர் பெயர்தான். அதன் மேல் தார் சேர்ந்ததும் 'டார்மாக்'. ஜல்லிக்கு ஆங்கிலத்தில் 'மெட்டல்' என்றும் பெயர் உண்டு. 'மெட்டல்டு ரோடு' என்பதில் உலோகம் இல்லை. 'பேவ்மென்ட்' பிரிட்டனில் நடைபாதை, அமெரிக்காவில் வண்டி ஓடும் தளம். அமெரிக்கரிடம் பேவ்மென்ட்டில் நடக்கச் சொன்னால் ஆபத்து. அவருக்கு அது 'சைட்வாக்'. 'சப்வே' லண்டனில் நடந்து கடக்கும் சுரங்கப்பாதை, நியூயார்க்கில் நிலத்தடி ரயில்.

ஊர்ப்பெயர்களின் வாலைப் பிடித்தாலும் இடம் தெரியும். நம் ஊர்களில் துறை என்று முடிந்தால் ஆறோ கடலோ உண்டு என்று அறிகிறோம் அல்லவா? 'ஃபோர்டு' என்றால் ஆற்றை இறங்கிக் கடக்கும் ஆழமில்லாத இடம். ஆக்ஸ்ஃபோர்டு எருதுகள் ஆற்றைக் கடந்த துறை. 'செஸ்டர்', 'காஸ்டர்' என்று முடிந்தால் அங்கே ரோமானியப் படைமுகாமோ கோட்டையோ இருந்திருக்கும்: மான்செஸ்டர், லங்காஸ்டர். 'ஹாம்' குடியிருப்பு, 'டன்' வேலி கட்டிய பண்ணை. 'டவுன்' என்ற சொல்லும் அந்த வேலியிலிருந்துதான் வளர்ந்தது. 'பி' என்று முடியும் டெர்பி, விட்பி போன்றவை டேனியர்கள் பெயரிட்ட ஊர்கள்.

தாத்தா காலத்துச் சாலைகளில் ஒரு மைல் கல்லுக்கும் அடுத்த மைல் கல்லுக்கும் நடுவே ஏழு சிறிய பர்லாங்குக் கற்கள் நின்றன. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறியபோது அவை போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எண் எழுதிய நான்கு சிறிய கற்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் இடையே 200 மீட்டர். பர்லாங்குக்கும் இதற்கும் ஒரு மீட்டர் சொச்சம்தான் வேறுபாடு. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது கிலோமீட்டர் கல்லிலிருந்து '4' எழுதிய சிறு கல் வரை நடந்து பார்த்தேன். தாத்தாவின் இரண்டு பர்லாங்குக்கு இரண்டு எட்டு மட்டுமே குறைவாக, ஆலமரம் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், அது நின்றுகொண்டிருந்தது.